முப்பத்தொன்பது பக்கம்

விலங்கியல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் நாற்பத்திரண்டு பேருக்கும் மார்ச் மாதம் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது. அதுவரை ஒருவர் குடையை ஒருவர் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான். கல்லூரி முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது என்றதும் ஆளாளுக்குக் கண் கலங்கினார்கள். வகுப்புப் பிரதிநிதி வைதேகி ஒரு யோசனை சொன்னாள். எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்க வேண்டும். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவரைப் பற்றி ஒரு பக்கம், சொந்தக் கையெழுத்தில், மனதிலிருந்து எழுதித் தர வேண்டும். எல்லாவற்றையும் பைண்டு பண்ணி, பிரிவு உபசார விழாவில் வெளியிடலாம். 'மனதிலிருந்து' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மூன்று இதயப் படங்கள் போட்டு வாட்ஸப் குழுவில் அனுப்பினாள்.

மனதிலிருந்து எழுத வேண்டும் என்றதும் முக்கால்வாசிப் பேர் நேராகக் கயலிடம் வந்து நின்றார்கள்.

கயலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த வகுப்பில் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. அவள் பிறந்தது மந்தைவெளிப் பக்கம், கால்வாய்க் கரையில். எட்டாம் வகுப்பு படிக்கும்போது, ஊர் அழகாக வேண்டும் என்று சொல்லி அவர்களை வாரிக்கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டிடத்தில் வைத்தார்கள். ஊர் அழகானதா என்று தெரியவில்லை. அவள் அம்மா வேலம்மா தி.நகர் துணிக்கடையில் சேலை மடிக்கிறவள். அவளுக்கு வேலைக்குப் போகக் கூடுதலாக ஒரு பஸ்ஸும் ஒன்றரை மணி நேரமும் கிடைத்தன, அவ்வளவுதான்.

கல்லூரியின் முதல் நாள் கயல் தாமதமாகப் போனாள். பஸ் கிடைக்கவில்லை, இப்போதான் வந்துகீறேன் மேடம் என்று வாசலில் நின்று சொன்னாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. துறைத் தலைவர் சீதா மேடமும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் உள்ளே வரச் சொன்னார். என்ன பெரிய வேடிக்கையோ தெரியவில்லை. அங்கே சிரித்தவர்கள் எல்லாரும் அதே பேச்சு பேசுகிறவர்கள் ஓட்டிய ஆட்டோவில்தான் வந்து இறங்கியிருந்தார்கள். அன்று மூடிய வாயைக் கயல் அப்புறம் அதிகம் திறக்கவில்லை. திறந்தாலும் அச்சடித்த தமிழில் ஆமாம், இல்லை, சரி என்பதோடு முடித்துக்கொண்டாள்.

வாயை மூடினாலும் கை சும்மா இருக்கவில்லை. கரப்பான் பூச்சியின் குடலை அவள் வரைந்தால் கரப்பானுக்கே பெருமையாக இருக்கும். முதலில் யாரோ ஒருத்தி உடம்பு சரியில்லை என்று தன் ரெக்கார்டு நோட்டை எழுதித் தரச் சொன்னாள். ஆறு மாதத்தில் பாதி வகுப்புக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. கூலி, கேன்டீனில் ஒரு பப்ஸ். அதுவும் ஞாபகம் இருந்தால்தான். மாட்டிக்கொள்ளக் கூடாதென்று கயல் ஐந்து விதக் கையெழுத்து பழகி வைத்திருந்தாள். பேராசிரியர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் படிக்க வேண்டுமே. அடையாறு மதிவாணன் மூன்று வருடத்தில் ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் இரண்டாம் ஆண்டு சிறந்த ரெக்கார்டு பரிசு அவனுக்குத்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று அதற்கு விருந்து வேறு வைத்தான். கயலுக்குப் பஸ் இருந்ததால் போகவில்லை. அவளைக் கூப்பிட யாருக்கும் தோன்றவும் இல்லை.

அவளுக்கு வகுப்பில் 'ரெக்கார்டு' என்றே பெயர் ஆகிவிட்டது. வருகைப் பதிவில் எண்ணைத்தான் கூப்பிடுவார்கள். அவள் இருபத்து மூன்று. எல்லார் போனிலும் அவள் 'ரெக்கார்டு'தான்.

இப்போது சீட்டுகள் வந்தன. ஒவ்வொரு சீட்டையும் கயல் பிரித்துப் பார்ப்பாள். தன் பெயர் இல்லை என்றால் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அப்படியென்றால் தன் பெயர் வந்தவர் அதை யாரிடமும் தள்ளிவிடாமல் தானே எழுதுகிறார் என்றுதானே அர்த்தம்? வேலம்மாவும் வேலைவிட்டு வந்ததும் காலைக்கூடக் கழுவாமல் இதைத்தான் கேட்டாள்.

"ஒன்னப் பத்தி இன்னா எழுதிகீறாங்கோ?"

இன்னும் கைக்கு வரவில்லை என்று கயல் சொன்னாள்.

"வந்தா எனக்குப் படிச்சிக் காட்டு. மூணு வருசம் கூடக் குந்திப் படிச்சவங்கோ இன்னா சொல்றாங்கன்னு நானும் கேக்கணும்."

அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் கயல் மற்ற பக்கங்களையெல்லாம் சலிக்காமல் எழுதினாள். முப்பத்தேழு பேரின் சீட்டு வந்தது. அதோடு அவளுக்கே விழுந்த சீட்டு ஒன்று. மூன்று பேர், பாவம், தாங்களே எழுதினார்கள். பாக்கி ஒரே ஒரு சீட்டு. அதில்தான் அவள் பெயர்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் மதிவாணன் வந்தான். கையில் கசங்கிய சீட்டு.

"மச்சி, ஒரே ஒரு ஹெல்ப். எனக்கு வந்த ஆளு யாருன்னே தெரியல. யாரோ கயலாம். நம்ம கிளாஸ்ல அப்படி ஒரு பொண்ணு இருக்கா?"

இந்த நாயை என்ன செய்தால் தகும்? நான்தான் என்று சொல்ல அவள் வாய் வரை வந்தது. ஆனால் அவன் முகத்தில் ஒரு துளிக் கள்ளம்கூட இல்லை. நிஜமாகவே தெரியவில்லை அவனுக்கு. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. என்ன எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டாள். எதையாவது நல்லதாகப் போடு, மறக்க முடியாத தோழி அந்த மாதிரி என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று பஸ்ஸில் கயல் அழுதாள். வீட்டுக்குப் போய், மதிவாணனுக்கென்று பழகி வைத்திருந்த, வலப்பக்கம் சாயும் கையெழுத்தில் எழுதினாள்.

விழா நாளில் எல்லாரும் பட்டுப்புடவை, வேட்டி, கேமரா. வைதேகி மைக்கைப் பிடித்து, நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி இருந்தோம் என்று சொல்லி அழுதாள். பிறகு சீதா மேடம் புத்தகத்தை வெளியிட்டார். தொகுப்பிலேயே சிறந்த பக்கத்தைப் படிக்கப் போவதாகவும், மதிவாணனுக்குள் இப்படி ஓர் எழுத்தாளர் இருப்பது இத்தனை நாளாகத் தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். அவனுக்கும்தான் தெரியாது. மேடையேறி அடக்கமாக நின்றான்.

மேடம் படித்தார்: "கயல் மூன்றாவது பெஞ்சில் சன்னல் ஓரம் உட்காருவாள். சோற்றில் ஒரு பருக்கைகூடச் சிந்த மாட்டாள். அவள் அம்மா நாலரை மணிக்கு எழுந்து கட்டிக் கொடுத்த சோறு அது. கரப்பானை வரைய அவளுக்குப் பிடிக்கும், கொல்லப் பிடிக்காது. அவளுக்குப் பேச வராது என்று நாம் நினைத்துக்கொண்டோம். அவள் தன் அம்மாவோடு பேசுவதை ஒருநாள் கேட்டிருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டோம். கயல் ஒரு நாள் வராவிட்டாலும் இந்த வகுப்புக்குத் தெரிந்துவிடும்."

கடைசி வரி மட்டும் பொய். அம்மாவுக்குப் படித்துக் காட்ட ஒரு வரியாவது வேண்டும் என்று சேர்த்தது.

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. சீதா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்தக் கயலை மேடைக்குக் கூப்பிடப்பா என்று மைக்கை மதிவாணனிடம் கொடுத்தார். மதிவாணன் அரங்கத்தை இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். இரண்டாவது வரிசையில் அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்த கயலையும் தாண்டிப் பார்த்தான்.

"கயல் இன்னைக்கு வரல மேடம்."

கயல் எழுந்து நின்றாள்.

"வந்துகீறேன் மேடம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து, ஐயோ நம்ம ரெக்கார்டு என்று முணுமுணுத்தது மட்டும் கேட்டது. கயல் மேடையேறி, சீதா மேடத்தின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். வைதேகி பதறிப்போய், அது துறை நூலகத்துக்கு வைக்க வேண்டிய ஒரே பிரதி என்றாள்.

"எங்கம்மாவுக்குப் படிச்சிக் காட்டணும், எடுத்துக்கினு போறேன். இதுல முப்பத்தொம்போது பக்கம் நான் எழுதினதுதான். மீதி மூணு வேணும்னா கிழிச்சிக் குடுக்கறேன்."

அந்த மூன்றை யாரும் கேட்கவில்லை. புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, பெரும்பாக்கம் பஸ்ஸைப் பிடிக்க இறங்கி நடந்தாள்.