அம்மாக்கண்ணு குடித்த பூச்சி மருந்து

கினிகத்தேனையிலிருந்து மஸ்கெலியா வரைக்கும் எந்தப் பிள்ளையின் வயிற்றிலும் ஒரு பூச்சிகூட மிஞ்சாமல் விரட்டியடித்தவள் தான்தான் என்று அம்மாக்கண்ணு சொல்வாள். கேட்பவர் புருவத்தைத் தூக்கினால், "சரி, கொஞ்சம் கூடத்தான் சொல்லிட்டேன்" என்று இறங்கி வருவாள். கினிகத்தேனையைக் கழித்துவிடலாம். மஸ்கெலியாவையும் கழித்துவிடலாம். மிஞ்சுவது றொசல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், அதில் ஒரு பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் சிறுசுகளை விட்டுப்போகும் அந்த அறைக்கு அவள் ஆயா. எட்டாம் வகுப்பு வரை படித்திருந்ததால் அந்த வேலை கிடைத்தது. படித்ததைவிடப் பேசியதே அதிகம் என்பதை அவளே ஒத்துக்கொள்வாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் பூச்சி மருந்து கொடுப்பார்கள். மருந்துக்கார ஐயா செல்லசாமி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் மேசை போட்டு உட்காருவார். முதலில் மூக்கைத் துளைக்கும் மருந்து ஒரு மடக்கு, பிறகு பேதியுப்பு. வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். அதிலும் தேங்காய், எண்ணெய் அறவே கூடாது. கொழுப்பு சேர்ந்தால் மருந்து தலைக்கேறி ஆளைச் சாய்த்துவிடும்.

ஆனால் மலைக்குளிரில் ரொட்டியும் தேத்தண்ணியும் இல்லாமல் எந்தப் பிள்ளை எழுந்து நடக்கும்? தாய்மார் ரகசியமாக ஊட்டிவிடுவார்கள். ஆகவே அம்மாக்கண்ணு ஒரு சட்டம் போட்டாள். மருந்து நாளில், பிள்ளைகள் மருந்து குடித்து முடியும்வரை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் எங்கேயும் அடுப்பு எரியக்கூடாது. விடியும் முன்பே லயம் லயமாகப் போய் எந்தக் கூரையில் புகை வருகிறது என்று பார்ப்பாள். பொலிஸ்காரரே அவளிடம் தோற்றுப்போவார்.

அந்த ஐம்பத்தாறாம் வருஷம் அவள் மனதை அரித்தது வேலாயியின் மகள் மீனம்மா. ஆறு வயது. உள்ளங்கை வெளுத்துப்போய், சுவர் மண்ணைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது பிள்ளை. காம்பராப் படியில் ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். "இந்தத் தடவையும் மருந்து போகலேன்னா, அடுத்த மருந்து நாளைக்கு இந்தப் புள்ள இருக்குமான்னு சொல்ல முடியாது" என்று செல்லசாமி அம்மாக்கண்ணுவிடம் சொல்லியிருந்தார். வேலாயியோ ஒவ்வொரு முறையும் மகளை ஒளித்துவைத்தாள். வயிற்றுப் பூச்சிதான் சோற்றைச் செமிக்க வைக்கிறது, அதைக் கொன்றால் பிள்ளையும் போய்விடும் என்பது அவளுடைய மாமியாரின் வைத்தியம்.

"அப்ப ஒம் மாமியாளுக்கு நாலு பூச்சிய முழுங்கக் குடுடி. எந்நேரமும் வயிறு ஊதுது, வயிறு ஊதுதுன்னு கத்திக்கிட்டுக் கெடக்கு!" என்றாள் அம்மாக்கண்ணு. வேலாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவள் கொஞ்சம் இளகினாள்.

மருந்து நாளன்று மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு வந்தேவிட்டாள்.

"பச்சத்தண்ணி கூடக் குடுக்கல ஆயாம்மா. ஆனா மொதல்ல நீங்க குடிங்க. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலேன்னா எம்புள்ள குடிக்கும்."

"எனக்கு எதுக்குடி? எனக்கென்ன வயித்துல பூச்சியா?"

"படிச்சவங்க வயித்துல பூச்சி நொழையாதோ?"

வரிசையில் நின்ற பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. ஏனென்றால் அன்று காலை, ஊர்ப்புகையைப் பிடிக்கக் கிளம்புமுன், தன் வீட்டுக் கதவைச் சாத்தி, கூரை ஓட்டைக்குச் சாக்கை அடைத்து, தேங்காய் ரொட்டி சுட்டுச் சம்பலோடு தின்றிருந்தாள். சட்டம் போட்டவளுக்குத் தெம்பு வேண்டாமா? அதை இப்போது எந்த வாயால் சொல்வது?

"வெறும் வயிறுதானே?" என்று செல்லசாமி கேட்டார்.

"பின்ன என்னங்க ஐயா!" என்று வாங்கிக் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்மலை ஒரு பக்கமாகச் சரிந்தது. செல்லசாமி இரண்டு ஆளானார். இரண்டு பேரும் அவளைப் பார்த்து ஓடிவந்தார்கள். முழங்கால் மடங்கி, பேதியுப்புச் சட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு விழுந்தாள்.

"ஐயையோ, வெஷம்! வெஷத்தக் குடுக்குறாங்க!" என்று ஒருத்தி கத்தினாள். தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். மீனம்மாவைத் தூக்கி வேலாயியும் திரும்பினாள்.

வாயை மூடிக்கொண்டு கிடந்தால் அம்மாக்கண்ணுவின் மானம் தப்பும். மீனம்மாவுக்கு மருந்து கிடைக்காது. இங்கே அம்மாக்கண்ணு கதையை நிறுத்தி, முந்தானையை உதறிச் செருகிக்கொள்வாள். அப்புறம் நடந்தது அவள் வாய்ப்படி இதுதான்: சிங்கம்போல எழுந்தாள். களத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றாள். "நில்லுங்கடி! மருந்து மேல குத்தமில்ல. நான் ஒரு ரொட்டி தின்னுட்டேன், தேங்கா ரொட்டி!" என்று மலை எதிரொலிக்க முழங்கினாள். அந்த நேர்மையைக் கண்டு உருகிய வேலாயி பிள்ளைக்கு மருந்தைக் கொடுத்தாள்.

மீனம்மா பெரியவளாகி, சடங்கு வீட்டில் பட்டுடுத்தி உட்கார்ந்திருந்த அன்றும், வந்தவர்களுக்கெல்லாம் அம்மாக்கண்ணு இப்படித்தான் முழங்கிக்கொண்டிருந்தாள். பலகாரத் தட்டோடு வந்த வேலாயி பக்கத்தில் நின்றாள்.

"சிங்கமா? எம்மடியில தலய வச்சுக்கிட்டு, 'நான் சாகப்போறேன் வேலாயி, ஒரு ரொட்டியில்ல, அஞ்சு ரொட்டி தின்னேன்'னு அழுதீங்களே ஆயாம்மா. சாகப்போற மனுசி பொய் சொல்லமாட்டான்னு நம்பித்தான் எம்புள்ளைக்குக் குடுத்தேன்."