மேடையில் மரகதம்

திருப்பூரில் தங்கள் தெரு மக்களுக்காக உழைப்பவர்களுக்குத் தொண்ணூறுகளில் எங்கள் சங்கம் உதவித்தொகை வழங்கிவந்தது. நான் அதன் செயலாளர். ஓர் ஆண்டு மரகதத்தைத் தேர்ந்தெடுத்தோம். தெருக் கிணற்றில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துப் பெண்களைத் திரட்டியவர்.

"மேடையெல்லாம் வேண்டாமுங்க சார். எங்க தெருவுக்கே வந்து குடுங்க," என்றார். நான்தான் வற்புறுத்தினேன்.

விழாவில், அந்தச் சாயப்பட்டறையின் முதலாளியே அவருக்குச் சால்வை போர்த்தினார். உதவித்தொகைக்கு நன்கொடை தந்தவர் அவர்தான். அதை நான் மரகதத்திடம் மறைத்திருந்தேன். மறுக்க முடியாமல் அவர் குனிந்து நின்றார். அரங்கம் கைதட்டியது. பின்வரிசையில் அவருடைய தெருப் பெண்கள் மட்டும் தட்டவில்லை.

அடுத்த வாரம் மரகதம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"'சால்வை போட்டாச்சு, பட்டறைல பங்கு எப்பக்கா?'ன்னு சிரிக்கறாங்க சார். கூப்பிட்டா ஒருத்தியும் வர்றதில்லீங்க. அவரு வர்றது எனக்குத் தெரியாதுன்னு நீங்க ஒருக்கா வந்து சொல்லீருங்க."

"நாளைக்கு வர்றேன்மா," என்றேன்.

போகவில்லை. முதலாளியின் மனம் கோணிவிடுமோ என்று பயந்தேன். போராட்டம் அத்தோடு கலைந்துபோனது. மரகதமும் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

எழுதவும் களைப்பாயிருக்கிறது. ஆனாலும் அன்று அந்தத் தெருவில் சொல்ல வேண்டியதை, கேட்க யாருமற்ற இந்த வயதில் சொல்கிறேன்: மரகதத்துக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும்.