முதுகு காட்டிய சாமியாடி

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். என் சிலை சுற்றாதா? சுற்றட்டும் என்றுதான் அதைச் செய்தேன். ஊருக்குத்தான் பொறுக்கவில்லை.

கோவில்பட்டியில் பட்டறை வைத்து இரும்பில் சிலை செய்கிறவள் நான். எங்கள் ஊர்க் காவல் சாமி கோயிலுக்கு முன்னால் நிறுத்த ஒரு சாமியாடியைச் செய்து கொடுத்தேன். கலப்பைக் கொழுவில் கைகள், டிராக்டர் தகட்டில் உடம்பு. முகம் கிடையாது. காற்றில் சுற்றுவதற்காக அடியில் மில்லில் கழித்துப்போட்ட பேரிங். அருள் இறங்கி உடம்பு சுழலுகிற அந்த வேகம்தான் எனக்கு வேண்டும். மூக்கும் முழியும் யாருக்கு வேண்டும்?

அப்பாவை நினைத்துச் செய்தது. ஒவ்வொரு கோயில் கொடைத் திருவிழாவிலும் சாமியாடியவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து கோயில் பக்கமே போவதில்லை. சிலை நிறுத்திய நாளிலும் வரவில்லை. எனக்கு வருத்தம்தான்.

அன்றைக்குக் காற்றில்லை. யாரோ சிலைக்கு மாலை போட்டார்கள், பூசாரி சூடம் காட்டினார். மறுநாள் கரிசல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று வந்தது. சிலை திரும்பி ஊருக்கு முதுகைக் காட்டியது. அவ்வளவுதான், எனக்குப் போன் மேல் போன்.

போய் இறங்கினால் ஊரே நிற்கிறது. கோயில் நிர்வாகி எனக்குப் பெரியப்பா முறை.

"ஏட்டி, காவல் சாமி ஊருக்கு முதுகு காட்டலாமா? மழை எப்படி வரும்? அசையாம வெல்டிங்ல பத்த வச்சிட்டுப் போ."

"அது சாமி இல்ல பெரியப்பா. சாமியாடுதவரு."

"மாலை விழுந்தாச்சு, சூடம் காட்டியாச்சு. இனி சாமிதான். நீ பத்த வைக்கலன்னா பேத்து ஓடையில போட்ருவோம்."

ஆத்திரம் தலைக்கேறியது. அசையாவிட்டால் அது வெறும் காயலான் கடைச் சாமான். ஆனாலும் ஓடையில் போட விட மனம் வரவில்லை. வெல்டிங் மெஷினை இறக்கினேன். பேரிங்கில் ராடை வைக்கக் குனிந்தேன்.

கூட்டம் விலகியது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு அப்பா வந்தார். சிலையின் தூக்கிய இடது கையையும் பின்னால் சாய்ந்த கழுத்தையும் பார்த்தபடியே நின்றார். அவர் ஆடும்போது நிற்கிற அதே நிலை. ஆடுகிறவர் தன் ஆட்டத்தை எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

"அண்ணாச்சி, நான் ஆடும்போது ஊருக்கு முதுகு காட்டுனதில்லையா? அப்ப மழை பெய்யலையா?" என்று பெரியப்பாவிடம் கேட்டார்.

"அது வேற..." என்று பெரியப்பா இழுத்தார்.

அப்பா சிமெண்ட் பீடத்தில் மெல்ல உட்கார்ந்து, ஆபரேஷன் பண்ணிய காலைப் பேரிங் பக்கமாக நீட்டினார்.

"பத்த வைக்கணும்னா இதையும் சேத்து வச்சிரு தாயி. ஆடாமத்தான கெடக்கு."

ஊருக்கு முன்னால் அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். ராடைக் கீழே போட்டுவிட்டு அந்தக் காலைப் பிடித்துக்கொண்டேன். பெரியப்பாதான் வந்து மெஷினை அணைத்தார்.