திண்டிவனத்தில் இறங்கிய நாள்

என் மூத்த பையனுக்கு ரயில் ஓடினால்தான் தூக்கம் வந்தது. கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு அது வேடிக்கையாக இல்லை.

உலகச் சண்டைக் காலம் அது. விழுப்புரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தண்டவாளம் பழுது பார்க்கிற கேங்கில் கூலி. முண்டியம்பாக்கத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் அவர்களுக்கு வேலை. பையனுக்கு ஏழு வயது நடந்தது. ஓடி விளையாடும்போது விழுந்தான். முழங்காலுக்குக் கீழே வீங்கியது. எலும்பு பிசகியிருக்கும் என்று கட்டுப் போடுகிறவரிடம் தூக்கிப்போனோம். அவர் முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டைப் பிரித்தால் வீக்கம் இன்னும் பெரிசு. தோல் மினுமினுவென்று இருந்தது, தொட்டால் சுட்டது.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டரம்மா இருக்கிறார் என்று என் அக்காள் சொல்லி அங்கே போனேன். அவர் காலைத் தொடாமலே வெகு நேரம் பார்த்தார். எலும்பில் புற்றுநோய், தொடையோடு காலை எடுக்க வேண்டும் என்றார். எடுத்தால் பிழைப்பானா என்று கேட்டேன். "அதை நான் சொல்ல முடியாதும்மா. எடுக்காட்டா இந்த வலியோடயே போயிடுவான். இத மட்டும் சொல்ல முடியும்" என்றார். பொய் சொல்லாத மனுஷி.

அன்று திரும்பும் வண்டியில்தான் அதைக் கண்டேன். வீட்டில் பாயில் கிடத்தினால் துடிப்பான். தூளியில் போட்டாலும் துடிப்பான். வண்டி புறப்பட்டு மரப்பெஞ்சு தடதடவென்று ஆடத் தொடங்கியதும் என் மடியில் அவன் தலை தொங்கிவிட்டது. விழுப்புரம் வரை தூங்கினான். இறங்கினதும் பழையபடி அழுகை.

வீட்டுக்காரரிடம் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடியே இருந்தார்.

"கால எட்த்துட்டு? அப்புறம் இன்னா பண்ணுவான்? ஓவர் பிரிஜ்ஜாண்ட தட்டு வெச்சிக்கினு குந்தினிருக்கானே, அவனாட்டம் குந்தணுமா?"

ஓவர் பிரிஜ் கீழே உட்கார்ந்திருந்தவன் இவர் கேங்கில் வேலை செய்தவன்தான். இஞ்சினில் கால் போனவன். தினமும் அவனைத் தாண்டித்தான் இவர் வேலைக்குப் போவார்.

"புள்ள உசுரோட குந்தட்டுமே" என்றேன்.

"நீ பேசாதமே. எனுக்குத் தெரியும்" என்றார். அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் அதற்கு மேல் பேச்சு எழவில்லை.

பேச்சு எழாததால், பையன் தூங்கவாவது செய்யட்டும் என்று தினமும் ரயில் ஏறினேன். கேங்மேன் பெண்சாதி என்று கார்டுகளுக்குத் தெரியும், டிக்கெட் கேட்க மாட்டார்கள். காலையில் வேலையை முடித்துக்கொண்டு, தூக்கில் கேப்பைக் கூழோடு பையனைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். திண்டிவனம் போவோம். அங்கே பிளாட்பாரத்தில் காத்திருந்து அடுத்த வண்டியில் திரும்புவோம். விக்கிரவாண்டிக்கு முன்னால் வீட்டுக்காரர் கேங்கோடு ஓரம் ஒதுங்கி நிற்பார். பையன் தூங்கினால் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையை மல்லாத்திக் காட்டுவேன். பச்சைக் கொடியை ஒரு தரம் அசைப்பார். திரும்பும்போதும் அப்படியே. அவர் காலை எடுக்கக் கூடாது என்றாரே தவிர, ரயிலில் போகாதே என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

திண்டிவனம் பிளாட்பாரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளாது. வெளியே போனால் ஆஸ்பத்திரி, கூப்பிடு தூரம். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். நின்றாலும் உட்கார்ந்தாலும் அவன் முனகுவான். ஸ்டேஷன் கேட்டு வரை போவேன், திரும்பிவிடுவேன்.

மரக்காணத்துப் பக்கத்திலிருந்து கருவாட்டுக் கூடையோடு வந்து விழுப்புரம் சந்தைக்குப் போகிற பெண் ஒருத்தி இதைத் தினமும் பார்த்திருக்கிறாள். வாயாடி.

"ஏம்மே, தெனம் திண்டிவனம் வர்ற, ஊருக்குள்ள போவாம திரும்பிப் போற. ரயிலுக்கு வாக்கப்பட்டுட்டியா?"

"ஒன் கூடைய நகத்து யக்கா, நாறுது."

"என் கூடை நாறும், வித்துட்டா போயிடும். நீ தோள்ல போட்டுக்கினு சுத்தறியே, அத எங்க எறக்கப் போற?"

எனக்குச் சுருக்கென்றது. "என் புள்ள, நான் சுத்துவேன். ஒனக்கின்னா பேஜாரு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அவள் விழுப்புரத்தில் இறங்கும்போது ஒரு பிடி நெத்திலியை என் முந்தானையில் போட்டுவிட்டுப் போனாள். திருப்பிக் கொடுக்கலாம் என்று கூப்பிட்டேன், நிற்கவில்லை.

பிறகு ஒரு நாள், போகும்போது, பேரணி ஸ்டேஷனில் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்கள். பட்டாளத்து வண்டி வருகிறதாம், அது போனால்தான் நாம் போகலாமாம். நல்ல வெயில். வண்டி நின்றதும் பையன் விழித்துக்கொண்டான். அதற்கு முன்னால் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. காலைப் பிடிக்கவும் முடியாது, பிடிக்காமல் இருக்கவும் முடியாது. என் மேல்கையைக் கடித்தான். கடித்துக்கொண்டே இருந்தான்.

பெட்டியில் ஒருவர், "கார்டய்யா, கொயந்த அழுவுது, ஜல்தி வுடுங்க!" என்று கத்தினார். யாரோ மல்லாட்டைக் கடலை உரித்து நீட்டினார்கள். கார்டு வந்து பார்த்தார். "நான் இன்னாம்மா பண்றது? பட்டாளம் போவணுமே" என்று தொப்பியைக் கழற்றினார்.

ஒரு பட்டாளத்து வண்டி போயிற்று. இன்னொன்று வருகிறது என்றார்கள்.

பையன் கடிப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "எம்மா, நைனா தண்டவாளத்துல டிராலி தள்றாருல்ல? அவரை இட்டாந்து வண்டியத் தள்ளச் சொல்லும்மா" என்றான்.

அவர் எப்படித் தள்ளுவார்? எத்தனை நாள் தள்ளுவார்? அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நான் நினைத்தது அவ்வளவுதான்.

திண்டிவனம் வந்ததும் இறங்கினேன். பிளாட்பாரத்தில் நடக்கவில்லை. கேட்டைத் தாண்டி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்கள். வேலையில் இருக்கிறார், நான் பெற்றவள், நான் சொல்கிறேன் என்றேன். கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினார்கள். எனக்குப் பேர் எழுதத் தெரியும் என்று சொல்லி, எழுத்துக் கூட்டி எழுதினேன். மறுநாள் காலையில் எடுத்துவிட்டார்கள்.

இவருக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. திரும்பும் வண்டியில் என் கை தெரியாததைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பின்னால் வந்த வண்டியிலும் பார்த்திருக்கிறார். பட்டாளத்து வண்டிகள் ஓடும்போது கேங்கை விட்டு நகர முடியாது. மறுநாள் உச்சிப் பொழுதில் கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் கரி.

கட்டிலில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பையன் மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். குனிந்து அவன் மூக்கருகில் விரலை வைத்தார்.

"எங்க அது?"

பின்புறம் இருக்கிறது என்று கைகாட்டினேன். போய் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் கேட்டு, துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு வெளியே போனார். பொழுது சாய வந்தார். நகக்கண்ணெல்லாம் செம்மண். எங்கே புதைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தூக்கிலிருந்த கூழை ஊற்றிக் கொடுத்தேன், குடித்தார்.

"கேக்காம பண்ணிட்ட" என்றார்.

"கேட்டா வேணாம்னுவியே."

அந்தப் பேச்சு எங்களுக்குள் ஆயுசுக்கும் முடியவில்லை. அது கிடக்கட்டும்.

பையன் கவைக்கோலை ஊன்றி நடந்தான். தெருப்பிள்ளைகளோடு கோலி விளையாடி ஜெயித்தான், தோற்றவனைக் கோலால் அடித்து எனக்குச் சண்டையும் இழுத்துவந்தான். தூங்குவதற்கு ரயில் ஏறவில்லை. அடுத்த மழைக்காலம் போய் அதற்கடுத்த மழைக்காலத்தில் இருமல் வந்தது. நோய் நெஞ்சுக்குப் போய்விட்டது என்றார்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தான்.

சின்னப் பிள்ளை, புதைக்க வேண்டும். குழி வெட்டுகிற இடத்தில் வீட்டுக்காரருடைய சித்தப்பா சொன்னார், "புள்ளய அரையும் கொறையுமா அனுப்பப்படாது. திண்டிவனம் போயி அந்தக் காலத் தோண்டி எடுத்தாந்து கூட வெச்சிப் பொதைங்க. முழுசாப் போவட்டும்."

எல்லோரும் சரியென்றார்கள். இவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இடம் அவருக்குத்தானே தெரியும்.

பெண்கள் அங்கே வரக்கூடாது. சேதி காதில் விழுந்ததும் நான் போனேன். வழியில் நின்று கடப்பாரையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம். அந்தக் கால்லதான்யா வலி இருந்துது. அதப் போயி திரும்பி அவன்கூட வெப்பியா?"

சித்தப்பா, "பொம்பளக்கி இன்னா தெரியும்" என்று ஏதோ ஆரம்பித்தார். இவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடப்பாரையைக் கீழே போட்டார்.

"இருக்கறபடியே பொதைங்க" என்றார்.