மேல்மாடியில் இருந்த அமெரிக்கா

போன கிழமை மகள் ஒரு மெழுகுதிரி வாங்கி வந்தாள். கொளுத்தி வைத்தால் வீடு மணக்குமாம். மணந்தது. கறுவாப்பட்டை மணம் கூடத்தைத் தாண்டிக் குசினி வரைக்கும் போக, மனைவி உள்ளே இருந்து, "ஆர் இப்ப இறைச்சிக்கறி வைக்கிறது?" என்று குரல் கொடுத்தாள். அவளுக்குக் கறுவா என்றால் இறைச்சிக்கறி. எனக்குக் கறுவா என்றால் அமெரிக்கா. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் நாங்கள் ஜெர்மனியில் மன்ஹைம் என்ற ஊரில் ஒரு பழைய மாடிவீட்டில் இருந்தோம். அந்தக் காலத்தில் அந்த ஊரில் அமெரிக்க ஆமிக்காரர் நிறைய. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து வந்தவர்கள், வந்த வேலை முடிந்தும் போகாமல் இருந்தார்கள். முகாமுக்குள் இடம் போதாமல் சிலர் ஊருக்குள் வாடகைக்கு வீடு எடுத்திருந்தார்கள். அப்படித்தான் எங்களுக்கு மேல்வீட்டில் டேவும் ஷெரிலும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்த நாளிலிருந்து எங்கள் படிக்கட்டு கறுவா மணந்தது. ஷெரில் கறுவா போட்டு பணிஸ் சுட்டாள், கறுவாத் திரி கொளுத்தினாள், கறுவாச் சுவிங்கம் சப்பினாள். கறிக்குப் போட வேண்டியதைத் தவிர்த்து மற்ற எல்லாவற்றுக்கும் போட்டாள்.

ஒரு மணத்தை இவ்வளவு கிளப்புகிறவர்கள் வேறொரு மணத்தை மறைக்கிறார்கள் என்று நான் தீர்மானித்தேன். நான் அப்போது பெரிய சந்தேகப் பிராணி. இப்போதும்தான், ஆனால் இப்போது முழங்கால் நோவதால் சந்தேகப்பட்டு எழும்பிப் போய்ப் பார்க்கப் பஞ்சியாக இருக்கிறது.

முதல் நாள் ஷெரில் படியில் என்னைக் கண்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஜெர்மனியில் இத்தனை வருடத்தில் ஒரு அயலவர் என்னைக் கேட்ட முதல் சுகநலம் அது. எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. நின்று, பேக்கரி வேலையில் விடிய முதல் எழும்புவது, மாவுத் தூசியில் வரும் தும்மல், மகளின் பல்லுக் கொதி எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடுக்கத் தொடங்கினேன். பல்லுக்கு வருவதற்கு முதல் மேலே கதவு சாத்திய சத்தம் கேட்டது. கேள்வியைக் கேட்டுவிட்டு மறுமொழிக்கு நிற்காமல் போகிறாள் என்றால் மறுமொழி அவளுக்கு முதலே தெரியும் என்றுதானே அர்த்தம்?

டேவ் அதற்கு மேல். ஆமியில் வாகனம் திருத்துகிற வேலை, ஆறடிக்கு மேல் உயரம், குழந்தைப்பிள்ளை முகம். ஒரு நாள் மனைவி கடைப் பையோடு வரக் கண்டு, ஒன்றும் கேளாமல் பையைப் பறித்துக்கொண்டு மேலே ஓடிவிட்டான். கேளாமல் பையைப் பறித்துக்கொண்டு ஓடினால் எங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர். மனைவி பின்னால் கத்திக்கொண்டு ஓட, அவன் பையை எங்கள் வாசலில் பக்குவமாக வைத்துவிட்டுச் சிரித்தானாம். "பாவம், நல்ல பொடியன்" என்றாள் அவள். நான் பையில் முட்டைகளை எண்ணிப் பார்த்தேன்.

இந்த விசயங்களை ஆராய எனக்கு ஒரு இடம் இருந்தது. சனிக்கிழமைகளில் ஸ்டேசனுக்குக் கிட்ட உள்ள தமிழ்க்கடையில், வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில், குணம் அண்ணை நிற்பார். பொதிகள் பிரிக்கும் வேலை செய்தவர். அமெரிக்க அரசியலில் அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, அமெரிக்காவைத்தான் அவர் கண்டதில்லை. "கூட வாக்கு எடுத்தவர் வீட்டை போறார், குறைய எடுத்தவர் கதிரையில இருக்கிறார். எங்கட நாட்டில இதுக்கு ஆமி வேணும். இவங்களுக்குக் கோட்டுத் தீர்ப்பே காணும்" என்பார். அமெரிக்காவில் எவர் வந்தால் தமிழனுக்கு நல்லது என்ற வாதம் சில நாள் கைகலப்பு வரைக்கும் போகும். இத்தனைக்கும் அந்தக் கடைக்குள் நின்ற ஒருவருக்கும் உலகத்தில் எந்த மூலையிலும் வாக்கு இருக்கவில்லை. பிறந்த நாட்டை விட்டாயிற்று, இருக்கிற நாடு இன்னும் எடுக்கவில்லை. ஆகவே அமெரிக்காவின் தேர்தலையே எங்கள் தேர்தலாக நடத்தினோம்.

"உமக்கு மேல ஒரு குடும்பம் இருக்கெல்லே? அவை ஆருக்குப் போடுவினம் எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருமன்" என்றார் குணம் அண்ணை.

கேட்டேன். ஷெரிலின் முகம் சிவந்து போயிற்று. அப்படி ஒருவரை ஒருவர் கேட்பதில்லை, என் அப்பா யாருக்குப் போடுவார் என்று என் அம்மாவுக்கே தெரியாது என்றாள். முடி வெட்டுகிறவரிடம் கூட அரசியல் கதைக்காமல் தலையைக் கொடுக்காத ஊரில் வளர்ந்தவன் நான். உலகத்தில் எந்த ஆட்சி இருக்கலாம், எது விழலாம் என்று தீர்மானிக்கிற சனம் வீட்டில் அரசியல் கதைப்பதில்லையாம். நம்புகிற கதையா? குணம் அண்ணையிடம் சொன்னேன். அவர் ஒரு வெங்காயத்தை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "பார்த்தீரே? சோழியன் குடுமி சும்மா ஆடாது. பயிற்சி குடுத்துத்தான் விட்டிருக்கிறாங்கள்" என்றார்.

அந்த வருடம் டேவை ஈராக்குக்கு அனுப்பினார்கள். அவன் போன அடுத்த நாள் வாசல் கம்பியில் ஒரு மஞ்சள் நாடா கட்டியிருந்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இது யாருக்கோ காட்டுகிற அடையாளம் என்று பட்டது. மனைவியைக் கூட்டி வந்து காட்டினேன். அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"மஞ்சள் துணி கட்டினா நேர்த்தி. மனிசன் சுகமா வரவேணுமெண்டு நேர்ந்து கட்டியிருக்கிறாள். இதில என்ன துப்பறியிறியள்?"

அன்றே அவள் மேலே போய்க் கதவைத் தட்டினாள். அதிலிருந்து ஷெரில் பின்னேரங்களில் எங்கள் குசினியில் இருக்கத் தொடங்கினாள். முதல் நாள் சப்பாத்தோடு வந்தாள். மனைவி அவளுடைய காலைப் பார்த்த பார்வையில் இரண்டாம் நாள் வாசலிலேயே கழற்றிவிட்டாள். இரண்டு பேருக்கும் ஜெர்மன் ஒரே அளவு பிழை, அதனால் நன்றாக விளங்கிற்று. ஷெரில் செய்தி பார்ப்பதில்லை. எங்கள் ரி.வி.யில் பாலைவனமும் புகையும் வந்தால், மாற்ற முடியுமா என்று மெல்லக் கேட்பாள். ரெலிபோன் அடித்தால், அது எங்களுடைய ரெலிபோனாக இருந்தாலும், கதிரையை விட்டு எழும்பி நிற்பாள். வசந்தத்தில் டேவ் வந்துவிடுவான் என்று சொல்லிச் சொல்லி, எங்கள் மகளும் வசந்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொடியன் உயிரோடு திரும்ப வேண்டும் என்று நானும் விரும்பினேன். சந்தேகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு விரும்பினேன்.

ஒரு மத்தியானம் நான் வேலை முடிந்து வீட்டில் நின்றேன். மகளின் பிறந்தநாளுக்கு மனைவி ரோல்ஸ் செய்துகொண்டிருந்தாள். ஷெரில் சுருட்டினாள். அவள் சுருட்டியது ஒவ்வொன்றும் தலையணை போல இருக்க, இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேல்வீட்டு மணி அடித்தது மெல்லக் கேட்டது. பிறகு எங்கள் மணி அடித்தது. யன்னலால் எட்டிப் பார்த்தேன். கறுத்தக் கார். பக்கத்தில் இரண்டு ஆமிக்காரர், கலியாண வீட்டுக்குப் போவது போல மினுக்கின உடுப்பில். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்கள்.

ஆமி உடுப்பை வாசலில் கண்டால் பின்கதவு எங்கே என்று என் கண் தேடும். எத்தனை வருடம் ஜெர்மன் பாண் தின்றாலும் அது போகாது. உள்ளே ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கினேன்.

ஷெரிலின் முழுப் பெயரையும் சொல்லி, அவர் எங்கே என்று தெரியுமா ஐயா என்று கேட்டார்கள். மூத்தவரின் சட்டையில் சின்னச் சிலுவை ஒன்று குத்தியிருந்தது.

"தெரியாது" என்றேன். ஆங்கிலத்தில் ஒரு தரம், உறுதிக்கு ஜெர்மனில் ஒரு தரம்.

எப்போது திரும்புவார்?

"தெரியாது. அவ அடிக்கடி தூரப் பயணம் போவா."

அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டு வழியே ஷெரிலின் சிரிப்பு இறங்கி வந்தது. இளையவன் அண்ணாந்து மேலே பார்த்தான். நான் இருமிவிட்டு, "என்ர மனிசியின்ர தங்கச்சி" என்றேன். பிறகு வருகிறோம், நன்றி ஐயா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவு மரியாதையாக ஒரு ஆமி என்னிடம் கதைத்ததில்லை. அதுவே என் சந்தேகத்தைக் கூட்டிற்று.

என்னைப் பிழையாக நினைக்காதீர்கள். ஆமி வந்து ஒருவரின் பெயரைச் சொல்லி, எங்கே என்று கேட்டால், எங்கள் ஊரில் மறுமொழி ஒன்றுதான். என் தம்பியையும் அப்படித்தான் கேட்டு வந்தார்கள். முன்வீட்டுப் பொடியன், பாவம், பயத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் கையை நீட்டிவிட்டான். ஒரு விசாரணை, பின்னேரம் விட்டுவிடுவோம் என்று கூட்டிப் போனார்கள். அதற்குப் பிறகு நான் யாருக்கும் யாரையும் காட்டிக் கொடுத்ததில்லை. கிழமைக்கு ஒரு தரம் மற்ற வீட்டுக்காரரைத் தேடி வருகிற தபால்காரனுக்கே தெரியாது என்றுதான் சொல்வேன்.

மேலே ஏறும்போதே எனக்கு விசயம் பிடிபட்டுவிட்டது. அமெரிக்கப் பொடியள் சண்டை பிடிக்க ஏலாமல் ஆமியை விட்டு ஓடுகிறார்களாம் என்று குணம் அண்ணை சனிக்கிழமை சொல்லியிருந்தார். குசினிக்குள் ஷெரிலை வைத்துக்கொண்டே மனைவிக்குத் தமிழில் சொன்னேன்.

"இவளின்ர மனிசன் ஓடிட்டான் போல. ஆமி தேடி வந்தது. இல்லை எண்டு அனுப்பிப்போட்டன்."

மனைவியின் கை நின்றது. பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"நல்லது. ஓடட்டும். உயிரோட எங்கையாவது ஓடட்டும்."

"இஞ்ச வந்தானெண்டா?"

"வந்தா எங்கட கெல்லரில இடமிருக்கு. பழைய மெத்தையும் அங்கதானே கிடக்கு."

கெல்லர் என்பது வீட்டுக்குக் கீழே ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருக்கும் நிலவறை. மிதிவண்டி, உருளைக்கிழங்கு, பழைய மெத்தை எல்லாம் அங்கேதான். அமெரிக்க ஆமியிடமிருந்து ஒரு அமெரிக்கனை ஒளித்து வைக்க நாங்கள் தீர்மானித்து முடிக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. என்ன கதைக்கிறீர்கள் என்று ஷெரில் கேட்டாள். நீ வடிவாகச் சுருட்டுகிறாய் என்று இவர் சொல்கிறார் என்றாள் மனைவி. ஷெரில் எனக்குத் தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டு இன்னொரு தலையணை சுருட்டினாள். மனைவி அவளுக்குச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். அன்றைக்கு எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஒரு ஆமியை ஏமாற்றி அனுப்பிவிட்டேனே.

பொழுதுபட அவர்கள் திரும்பி வந்தார்கள். ஷெரில் அப்போது தன் வீட்டுக்குப் போயிருந்தாள். மணி அடிக்க அவளே கதவைத் திறந்துவிட்டாள். எங்கள் வாசலைத் தாண்டி இரண்டு சோடிச் சப்பாத்துகள் மெதுவாக ஏறின. தேடி வருகிற ஆமி அப்படி ஏறாது. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு மேலே கேட்டதை நான் எழுத மாட்டேன். மனைவி வெறுங்காலோடு, கையில் மாவோடு ஓடினாள்.

சிலுவை குத்தியிருந்த ஆமிப் பாதிரியார் இறங்கி வரும்போது நான் வாசலில் நின்றேன். என்னைக் கண்டார், மத்தியானப் பொய்யைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் கண் சிவந்திருந்தது. அவருக்கு இது வேலை, கிழமைக்கு எத்தனை வீடு ஏறுகிறாரோ, இருந்தும் சிவந்திருந்தது.

அந்த யுத்தம் நியாயமா என்று கேட்டால் நான் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்று ஒரு நாள் முழுக்கக் கதைப்பேன். ஆனால் ஆமி ஒன்று ஒரு வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, உங்கள் பிள்ளை இறந்துவிட்டான் என்று வாயால் சொல்லும் என்பது எனக்குத் தெரியாது. அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் இருக்கிறதென்று என் சந்தேகங்களில் ஒன்றுகூடச் சொல்லித் தரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வந்தது பேய் இல்லை, செய்தி.

அடுத்த சனிக்கிழமை குணம் அண்ணை, "என்னவாம் உம்மட அமெரிக்கா?" என்றார். கறிவேப்பிலையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தன் ஊருக்குத் திரும்பிப் போவதற்கு முதல் நாள் ஷெரில் கீழே வந்தாள். மெலிந்து போயிருந்தாள். அவர்கள் மத்தியானமே வந்தார்களாமே, நான் இல்லை என்று நீங்கள் சொன்னீர்களாமே என்று கேட்டாள். ஓம் என்றேன்.

"அந்த நேரம் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

அது நன்றியா, குறையா என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. மனைவியைக் கேட்டால், "எல்லாத்துக்கும் ஒரு கேள்வி" என்று எழும்பிப் போய்விடுகிறாள். இரண்டு வருடம் நத்தார்ப் பண்டிகைக்கு அவளிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது, பிறகு நின்றுவிட்டது.

அமெரிக்கர் இப்போது மன்ஹைமில் இல்லை. முகாமைக் காலி செய்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் புதுப் புது மாடிவீடுகள், பிள்ளைகள் சறுக்கி விளையாட இடங்கள். குணம் அண்ணை ஜெர்மன்காரராகிவிட்டார், இப்போது அவருக்கு வாக்கு இருக்கிறது. "எல்லாரும் கள்ளர்" என்று சொல்லிவிட்டுப் போடாமல் விடுகிறார். படியில் யாரும் என்னை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் நின்று சொல்ல நேரமும் இருக்கிறது.

ஊரில் அம்மா கடைசி மட்டும் வாசல் படலைச் சத்தத்துக்கு எழும்பினாவாம். போன வருடம் அவவும் போய்விட்டா. தம்பியைப் பற்றிச் சொல்ல எங்கள் வீட்டுக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை. எந்த உடுப்பில் வந்தாலும் பரவாயில்லை. அப்படி யாராவது என்னை விசாரித்து உங்களிடம் வந்தால், தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் வீட்டில்தான் இருக்கிறேன்.