எங்கும் பொருந்தாத துண்டு

கொட்டகையில் எல்லோருக்கும் அவள் பெட்டியக்கா. மலையைத் துளைத்து எடுக்கும் கல் உருளைகள் நீளப் பெட்டிகளில் வந்து சேரும். அவற்றைக் கழுவி, ஆழக் கணக்குப்படி அடுக்கி, எண் எழுதி வைப்பது பதினோரு வருடமாக அவள் வேலை. அதற்கு முன்பு தையல் கடையில் இருந்தாள். கோடு போட்ட துணியில் கோட்டோடு கோடு சேரத் தைத்த பழக்கம் இங்கே கைகொடுத்தது. எரிமலைக் குழம்பு வழிந்து இறுகிய கல் அது. வழிந்த வாக்கில் வரி வரியாக இருக்கும். உடைந்த துண்டுகளை ஒட்டிப் பார்த்தே எது மேல், எது கீழ் என்று சொல்லிவிடுவாள்.

இப்போதைய மலையில் மூன்று வருடமாக யுரேனியம் தேடுகிறார்கள். பதினாறு துளை போட்டும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பதினேழாவது துளையின் பெட்டியைக் கொண்டுவந்த அன்று, ஜீப் ஓட்டும் அவள் தம்பி வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"என்னடா, பேயறஞ்ச மாதிரி இருக்கே?"

"வளைவுல பெட்டி கவுந்துடுச்சுக்கா. கயிறு கட்டல. பொறுக்கிப் போட்டுட்டேன்."

"பொறுக்கிப் போட்டியா? இதென்ன வெங்காயமா?"

"நீ நெனச்சா அடுக்கிடுவே. மேடத்துக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். ஏற்கெனவே ஒரு தடவை எழுதி வாங்கியிருக்காங்க."

அந்த வேலைக்கு அவனைச் சொல்லிச் சேர்த்ததே அவள்தான். மத்தியானம் முழுக்கக் குனிந்தே அடுக்கினாள். எல்லாம் சேர்ந்தன, உள்ளங்கை நீளத் துண்டு ஒன்றைத் தவிர. துளைக்கும்போதே இரண்டு முனையும் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. கதிர்வீச்சு பார்க்கும் கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனதும் படபடவென்று பொரிந்தது. பதினாறு துளையிலும் அவள் கேட்காத சத்தம்.

துளைக்கும்போது கொஞ்சம் கல் பொடியாகிப் போவதுண்டு; அதனால் அதற்கு இரண்டு இடம் காலியாக இருந்தது. மேலே வைத்தால் இரண்டு குழம்பு அடுக்குகள் சந்திக்கும் இடம். கீழே வைத்தால் ஒரு விரிசல். அதை வைத்துத்தான் அடுத்த துளை எங்கே, எந்தச் சாய்வில் என்று ஜியாலஜிஸ்ட் மேடம் முடிவு செய்வார். துளைக்குள்ளேயே கருவியை இறக்கிப் பார்க்கலாமென்றால், துளை இடிந்து மூடிக்கிடந்தது.

"ஏதோ ஒண்ணுல வையக்கா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் தம்பி, வாசலில் வந்து நின்று.

மேலே வைத்தாள். எடுத்தாள். கீழே வைத்தாள். இரண்டு இடத்திலும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

நான்கு மணிக்கு மேடம் வந்தபோது துண்டு தனித் தட்டில் இருந்தது.

"இது என்ன பெட்டியக்கா, தனியா?"

"பெட்டி கவுந்துடுச்சு மேடம். மத்ததெல்லாம் சேர்ந்துடுச்சு. இதுக்கு எடம் தெரியல. தெரியும்னு சொன்னா பொய்."

மேடம் கருவியை வைத்துப் பார்த்தார்.

"யாரு கவுத்தது?"

வாசலில் நின்றவன் தரையைப் பார்த்தான்.

"என் தம்பி மேடம்."

துண்டின் இடம் தெரிய, பதினேழாவது துளையை ஒட்டியே இன்னொரு துளை போடுவதென்று முடிவாயிற்று. தம்பிக்கு ஒரு மாதம் வேலை கிடையாது. பிறகு பார்க்கலாம் என்றார்கள். அன்று சாயங்காலமே அவன் மனைவி போன் செய்தாள்.

"கல்லுக்குப் பாத்தீங்க அண்ணி. கூடப் பொறந்தவருக்குப் பாக்கலையே."

தம்பி மனைவி வைக்கும்வரை பெட்டியக்கா போனைக் காதிலேயே வைத்திருந்தாள். செய்தது சரி என்று தெரிந்தும் சோற்றைத் தொடாமல் மூடி வைத்தாள்.

ஆறாவது நாள் தம்பி நடந்தே மலையேறி வந்தான்.

"மேடத்தைப் பாக்க வந்தியா?"

"இல்ல. அந்தக் கல்லு எது? அன்னைக்குச் சரியாக்கூடப் பாக்கல."

எடுத்துக் காட்டினாள். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இத்தனூண்டுக்கா?"

"இத்தனூண்டுக்குத்தான்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "கோவம் போயிடுச்சாடா?"

"போகல" என்றபடி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.