ஓய்வில் இருந்த இரண்டாவது சர்வர்

அம்மனை நம்பும் உங்களிடம் நடந்ததை அப்படியே சொல்கிறேன். என் பெயர் கவிதா. வீடு மலேசியாவில், ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை.

சென்ற ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. இரத்தப் பரிசோதனை முடிவுகளை வார்டுகளுக்கு அனுப்பும் சர்வர் கருகி நின்றுவிட்டது. எங்களிடம் இரண்டு சர்வர் உண்டு. ஒன்று விழுந்தால் மற்றது தானாக வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அன்று எடுக்கவில்லை. கண்காணிப்புத் திரையிலோ அதன் பெயருக்கு நேரே பச்சை எரிந்தது.

பிரசவ அறையிலிருந்து தாதி தேவி அக்கா போன் செய்தார்.

"கவி, இங்க ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்கல. லேப் ரிசல்ட் ஒண்ணும் ஸ்கிரீன்ல வரல லா. லேபுக்கு ஆள ஓட விட்டிருக்கேன். நீ சீக்கிரம் பாரு."

சர்வர் அறைக்கு ஓடினேன். தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மனை நினைத்துக் கண்ணை மூடினேன்.

"தாயே, எனக்கு ஒண்ணும் புரியல. நீயே காட்டு."

கண்ணைத் திறந்தால் எதிரே இரண்டாவது சர்வரின் முகப்பில் காய்ந்த சந்தனமும் குங்குமமும். அப்போதுதான் நினைவு வந்தது.

முந்திய வாரம் ஆயுத பூசை. கூட வேலை செய்யும் மோகன் அண்ணன் பொட்டு வைக்கலாம் என்றார். ஓடுகிற சர்வரைத் தொட நான் விடவில்லை. இரண்டாவதை மட்டும், கை பட்டு ஏதாவது ஆகிவிடுமோ என்று, நானே ஓய்வில் வைத்தேன். பொட்டு வைத்தோம், கும்பிட்டோம், சுண்டல் சாப்பிடப் போனோம். திரும்ப அதை வேலையில் சேர்க்கவே இல்லை. பச்சைக்குப் பக்கத்தில் 'ஓய்வு' என்று ஒரு வாரமாகச் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. நான் நிறத்தைப் பார்த்தேன், எழுத்தைப் படிக்கவில்லை.

அதை வேலையில் சேர்க்க ஒரே ஒரு கட்டளைதான். ஒரு நிமிடத்தில் முடிவுகள் வரத் தொடங்கின. மதியம் தேவி அக்கா மறுபடி அழைத்தார். "ரத்தம் ஏத்தியாச்சு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க." நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"பொட்டு வைக்காத சர்வர்தான் போச்சு, பாத்தியா?" என்று மோகன் அண்ணன் இன்னமும் கிண்டல் செய்கிறார்.

மேலாளர் அறிக்கை கேட்டார். கருகிய பாகத்தை மட்டும் எழுதித் தப்பித்திருக்கலாம். காட்டு என்று நானே கேட்டுவிட்டு, காட்டியதை மறைக்க மனம் வரவில்லை. என் பெயரைப் போட்டே எழுதினேன். நல்ல திட்டு கிடைத்தது, வேலை போகவில்லை. இப்போது தினமும் காலையில் அந்தத் திரையை எழுத்தெழுத்தாகப் படிக்கிறேன். மாதம் ஒருமுறை முதல் சர்வரை வேண்டுமென்றே நிறுத்தி, மற்றது எடுக்கிறதா என்றும் பார்க்கிறேன்.

நீங்களும் அவளிடம் கேளுங்கள், காட்டுவாள். முகத்தை மட்டும் திருப்பிக்கொள்ளாதீர்கள். அன்று நான் உதவி கேட்டேன். அவள் என் தப்பைக் காட்டினாள். அந்தப் பெண் பிழைத்தது அதனால்தான்.